ஒஸ்டினை ஓட்டியது யார்

பல்லேபொலப் பக்கம் அப்துல் ஸமதின் ஒஸ்டின் காரைத் தெரியாதவர்கள் குறைவு. அதை ஓட்டிப் பார்த்தவர்கள், அவரைத் தவிர, ஒருவரும் இல்லை.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு வண்டி. ஒஸ்டின் சோமர்செட் என்று பெயர். வாகன இலக்கத்தில் 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முன்பிருந்த, இரண்டு ஆங்கில எழுத்துத் தகடு. ரத்தோட்டையில் ஓய்வு பெற்ற ஒரு தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரிடம் ஸமத் அதை வாங்கி வந்தபோது கார் ஒரு லொறியிலும் எஞ்சின் தனியாக ஒரு மிளகுச் சாக்கிலும் வந்து இறங்கின. மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற மனுஷனுக்கு இது என்ன வேலை என்று அன்றைக்கு அவர் மனைவி பஸ்லா கேட்டாள். இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகும் அவள் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. ஆனால் கார் பாசிப்பயற்று நிறத்தில் மினுங்கியது. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீண்டு மஞ்சளாய் எரியும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் சந்தியில் காத்து நிற்பார்கள்.

அந்தக் காருக்கு என்று தனியாக ஒரு காப்புறுதி இருந்தது. முதலில் ஊரில் எல்லாரும் செய்கிற சாதாரணக் காப்புறுதியைத்தான் ஸமதும் செய்திருந்தார். ஒருநாள் ஒரு பஸ் உரசிவிட்டுப் போக, கம்பனியிலிருந்து வந்தவர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். அறுபது வருடத்து இரும்புக்கு என்ன பெறுமதி என்று கேட்டார். அவர் எழுதிய தொகையில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம். ஸமத் மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு கண்டியில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். அந்தச் சங்கத்தாருக்கு என்றே ஒரு கம்பனி பழைய வாகனக் காப்புறுதி வைத்திருந்தது. அதில் காரின் பெறுமதியை இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி எழுதிவிடுவார்கள். பிறகு விபத்து என்று வந்தால் பேரம் இல்லை. அதற்காக அவர் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினார், கூரை போட்ட கராஜ் கட்டினார், வருடத்துக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை, கலியாணங்களுக்கு வாடகைக்குக் கொடுப்பதில்லை என்று கையெழுத்து வைத்தார்.

அதன் பிறகு யார் காரைக் கேட்டாலும் ஸமதிடம் ஒரே பதில்தான் இருந்தது. "என்னத் தவிர யாருக்கும் ஓட்ட ஏலாது. இன்சூரன்ஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு." மாப்பிள்ளைமார் கேட்டார்கள், மருமக்கள் கேட்டார்கள், அவருடைய தம்பி கலந்தர் வருடத்துக்கு இரண்டு தரமாவது கேட்டான். எல்லாருக்கும் அதே பதில். பஸ்லாவும் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அவளிடம் பதினான்கு வருடமாக லைசன்ஸ் இருந்தது. வீட்டு வேனை எடுத்துக்கொண்டு மாத்தளைக்கும் உக்குவளைக்கும் தனியாகப் போய் வருகிறவள். கேட் வரைக்கும் ஓட்டிப் பார்க்கிறேனே என்று கேட்டவளுக்கும் இன்சூரன்ஸ் கதைதான் கிடைத்தது. அவள் பிறகு கேட்கவில்லை.

இது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஸமத் ஜும்ஆத் தொழுகைக்குக் குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்தி, தொப்பியைக் கையில் எடுத்தவர் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார். பஸ்லா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நேரம் போகுதே என்றாள். வாய்வு பிடித்திருக்கிறது, கொஞ்சம் சுடுதண்ணி தாங்க என்றார். தண்ணீரோடு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அது சாம்பல் பூத்துக் கிடந்தது. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனியில் வந்து சொட்டியது. இடது கையை அவர் மடியில் வேறொருவருடைய கையைப் போல வைத்திருந்தார்.

அம்புலன்சுக்கு அழைத்தாள். வண்டி இன்னொரு நோயாளியோடு தூரத்தில் இருந்தது. வர நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார்கள். ஊர் த்ரீவீல்கள் எல்லாம் பள்ளிவாசல் வாசலில் வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்கள் உள்ளே குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், போன்கள் மௌனமாக. வேனை கலந்தர் காலையிலேயே தம்புள்ளைக்கு எடுத்துப் போயிருந்தான். வீட்டில் இருந்த ஒரே ஆள் இராமசாமி. தோட்டத்தில் மிளகு ஆய வந்தவர், ஏணியை மரத்தில் சாத்திவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பஸ்லா கூப்பிட்ட குரலில் சோறு அப்படியே கிடக்க ஓடி வந்தார்.

இருவரும் சேர்ந்து ஸமதைக் கைத்தாங்கலாகக் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். இராமசாமி பின் சீட்டில் ஏறி அவர் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு யோசனை வந்தது.

"யாரும்மா ஓட்டுறது?"

"நான்தான்," என்றாள் பஸ்லா.

முன் சீட்டு ஒரே பலகையாக நீண்டது. ஸமத் ஆறடிக்குக் கிட்டிய உயரம். பஸ்லாவின் கால்கள் எதையும் தொடவில்லை. அடியில் இருந்த கொக்கியைத் தட்டி முழுச் சீட்டையும் முன்னால் இழுத்தாள். இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து போனவள். ஒவ்வொரு முறையும் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் காரைக் கிளப்புவார். சாவி. பெற்றோலைக் கூட்டுகிற சொக்கை வெளியே இழு. பிறகு ஸ்டார்ட்டர் குமிழ். முதல் இழுவைக்கு கார் இருமி நின்றது. இரண்டாவதுக்குப் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கியர்க் கம்பி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கண்களே நினைவில் வைத்திருந்தன.

கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "சொக்க உள்ள தள்ளுங்க. பெற்றோல் கூடிடும்."

"பேசாம படுங்க," என்றாள். ஆனால் தள்ளினாள்.

வயல்களைத் தாண்டி, பலாபத்வெலயில் பெரிய ரோட்டில் ஏறி, அலுவிகாரைப் பக்கமாக இறங்கினாள். திரும்பிய பக்கத்து மஞ்சள் கை உள்ளே போக மறந்து வெளியிலேயே நின்றது. ரோட்டில் நின்றவர்கள் வழக்கம் போலச் சிரித்துக் கை காட்டினார்கள். விகாரைக்கு வந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். எதிரே வந்த பஸ்காரன், யாருடையதோ கலியாணம் என்று நினைத்தோ என்னவோ, நீளமாக ஹோர்ன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனான். பஸ்லா யாரையும் பார்க்கவில்லை. வாய்க்குள் ஓதிக்கொண்டே, பின்னால் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே ஓட்டினாள். இராமசாமியும் அதை விளங்கிக்கொண்டு, சந்திக்குச் சந்தி "இருக்காங்கம்மா, இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மாத்தளை ஆஸ்பத்திரி வாசலுக்கு ஏறுகிற சரிவில் காரை நிறுத்தினாள். ஆட்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். கதவைச் சாத்தினாளா என்பதுகூட அவளுக்குப் பிறகு நினைவில்லை. உள்ளே இளம் டொக்டர் ஒருவர் சிங்களத்தில், வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தார், திரும்பி ஏதோ கட்டளையிட்டார். ஊசி ஏறியது.

முக்கால் மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். இரத்தக்கட்டி கரைகிறது, வலி குறைந்துவிட்டது, மாலை கண்டிக்கு அனுப்புவோம் என்றார். நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள், இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் நான் இப்படி நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். பஸ்லா தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவிக் கழுவி, எது தண்ணீர் எது கண்ணீர் என்று தெரியாமல், முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அங்கே இராமசாமி நின்றார். தலைத் துண்டைக் கையில் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, கார் பின்னால உருண்டுருச்சு."

"யாருக்கும் அடிபட்டுதா?"

"இல்லம்மா. செவத்துலதான் மோதிருக்கு."

போய்ப் பார்த்தாள். கார் சரிவில் தானாக இறங்கி, கீழே மதிலில் இடித்து நின்றிருந்தது. டிக்கி மூடி நடுவில் மடிந்திருந்தது. இடப்பக்கத்து மட்கார்ட் டயரோடு ஒட்டிக் கிடந்தது. பின் கண்ணாடி தூள் தூளாய் சீட்டில் கிடந்தது. கொஞ்சம் முன்னால்தான் அந்தச் சீட்டில் ஸமதின் தலை இருந்தது. ஹேண்ட் பிரேக்கைத் தான் பாதிக்குத்தான் இழுத்தேன் என்பது பஸ்லாவுக்கு உடனே தெரிந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் அது அவளைப் பெரிதாகத் தொடவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு, கணவரிடம் திரும்பிப் போனாள்.

மனசு பாரமானது மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கண்டியில் ஸமதுக்கு இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, அவர் ஆபத்தைத் தாண்டிவிட்டார். உடுப்பு எடுத்துப்போக பஸ்லா வீட்டுக்கு வந்திருந்தாள். கார் ஏற்கெனவே லொறியில் வந்து கராஜில் கிடந்தது. கலந்தர் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை பின்னேரமே காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்து விபத்தை அறிவித்தானாம். நாளைக்கு மதிப்பீடு செய்ய ஆள் வருமாம்.

"என்ன செல்லி அறிவிச்சீங்க?" என்று கேட்டாள் பஸ்லா.

"ஸமத் நானா ஓட்டினதாத்தான். வேற என்னத்தச் செல்ல? அவரத் தவிர யாரும் ஓட்ட ஏலாதுன்னு அவரே எத்தின தரம் செல்லியிருக்கார். நீங்க ஓட்டினதுன்னா ஒரு சல்லியும் வராது, மதினி."

கலந்தரிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அண்ணன் எழுந்து வந்து அந்தக் காரைப் பார்த்தால் இதயம் இன்னொரு தரம் நின்றுவிடும் என்று அவன் மெய்யாகவே பயந்தான். ஜும்ஆவுக்குக் காரை எடுத்துப் போகும்போது ஸமதுக்கு நெஞ்சு வலி வந்ததாகவும், ஆஸ்பத்திரி வரைக்கும் அவரே சமாளித்து ஓட்டியதாகவும் ஒரு கதை கட்டியிருந்தான். இராமசாமியிடமும் பேசிவிட்டானாம், கேட்டால் மொதலாளிதான் ஓட்டினார் என்று சொல்லச் சொன்னானாம்.

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார்."

அதைத்தான் பஸ்லாவால் பொறுக்க முடியவில்லை. பின்னேரம் இராமசாமி மிளகுச் சாக்கை இறக்க வந்தபோது அவள் அவரிடம் பேசப் போனாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நீங்க எப்படிச் சொல்லச் சொல்றீங்களோ அப்படியே சொல்லிர்றேம்மா என்றார். வெள்ளிக்கிழமை சந்திக்குச் சந்தி "இருக்காங்கம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்த அதே வாய். அந்த மனுஷன் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து நின்றார். பொய் சொன்னால் என்ன ஆகும் என்றும் பயந்து நின்றார். சோற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தவரை இந்த நிலையில் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போனது.

ஆனாலும் முடிவு எடுப்பது இலேசாக இருக்கவில்லை. அந்தக் காருக்கு ஸமத் எவ்வளவு செய்திருக்கிறார் என்று அவளுக்குத்தான் தெரியும். கதவின் ரப்பருக்காகப் பதினொரு மாதம் காத்திருந்தவர். தன் கையால் அது உடைந்ததோடு, தன் வாயால் அதற்கு வரவேண்டியதும் இல்லாமற் போனால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? திங்கட்கிழமை விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு அதே பாயில் நெடுநேரம் இருந்தாள். எழும்போது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: இராமசாமியிடம் யாரும் எதுவும் கேட்கும்படி விடக்கூடாது.

மதிப்பீடு செய்ய வந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், பிரின்ஸி என்று பெயர், உக்குவளைக்காரி. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. வந்ததும் வராததுமாக, சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பிறகு கராஜின் வாசலில் நின்று காரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். பழைய கம்பனி ஆளைப்போல அவள் சுற்றி நடக்கவில்லை. தரையில் சாக்கை விரித்து, டோர்ச்சோடு அடியில் போய்ப் படுத்தாள். காரின் அடிச்சட்டம் வளையவில்லை என்று அடியிலிருந்தே சொன்னாள். எழுந்து, சின்னக் காந்தம் ஒன்றை மட்கார்ட்டில் வைத்து வைத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் அது டக்கென்று ஒட்டியது. சார் இதில் பூசி மெழுகாமல் அசல் தகட்டிலேயே வேலை செய்திருக்கிறார், இந்த மாதிரிக் கார் மலைநாட்டில் நாலு கூட இல்லை என்றாள். முன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். சீட்டையும் ஸ்டியரிங்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எதையோ எழுதினாள்.

கலந்தர் பக்கத்திலேயே நின்று, அண்ணன் எப்படிச் சமாளித்து ஓட்டினார் என்று சொல்லத் தொடங்கினான். பிரின்ஸி அவனைத் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் இராமசாமியைக் கூப்பிடத் திரும்பினான்.

"அவர விடுங்க, கலந்தர்," என்றாள் பஸ்லா. பிறகு பிரின்ஸியைப் பார்த்தாள். "மிஸ், காரை ஓட்டினது நான். அவருக்கு எழும்பி நிக்கக்கூட ஏலாம இருந்திச்சு. வேற வழி இருக்கல்ல. ஹேண்ட் பிரேக்கைச் சரியா இழுக்காமப் போனதும் நான்தான்."

கலந்தர் முகட்டைப் பார்த்தான். இராமசாமி வாசலில் கையில் துண்டோடு நின்றுவிட்டார்.

பிரின்ஸி பேனையை மூடினாள்.

"சீட்டப் பார்த்ததும் விளங்கிருச்சு, மிஸிஸ் ஸமத்," என்றாள். "சார எனக்குச் சங்கத்துல தெரியும். அவரு உயரத்துக்கு இந்த சீட்டுல ஏறவே ஏலாது. முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்கும். நீங்களே சொல்லிட்டீங்க, எனக்கும் நிம்மதி."

"அப்ப ஒண்ணும் கிடைக்காதா?"

"ஏன் கிடைக்காது?"

"அவரத் தவிர யாரும் ஓட்டக்கூடாதே."

பிரின்ஸி பையிலிருந்து காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினாள். ஓட்ட உரிமையுள்ளவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் தட்டச்சில் இருந்தன. முதலாவது ஸமதின் பெயர். இரண்டாவது அவளுடைய முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கத்தோடு, லைசன்ஸ் இலக்கத்தோடு.

பஸ்லா அதை ஒரு தரம் வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். கலந்தர் அவள் தோளுக்கு மேலாக எட்டி வாசித்தான்.

"இது எப்ப போட்டது?" என்றாள்.

"முதல் வருஷமே. ஒம்பது வருஷமா இருக்கு. நீங்க கையெழுத்து வச்சிருக்கீங்களே, இந்தா."

கையெழுத்து அவளுடையதுதான். ஸமத் எத்தனையோ தாள்களில் இங்கே வையுங்க, அங்கே வையுங்க என்று வாங்கியிருக்கிறார். வங்கித் தாளோ, வேன் தாளோ என்று அவளும் வைத்திருக்கிறாள். சிரிக்கவா அழவா என்று தெரியாமல் காரின் முன் பக்கத்தில், நசுங்காத மட்கார்ட்டில், கையை ஊன்றிக்கொண்டாள்.

பிரின்ஸி பிறகு கலந்தரிடம் மெதுவாகத்தான் பேசினாள். போனில் சொன்னதை எழுத்திலும் சொல்லிக் கையெழுத்து வைத்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்றாள். சார் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரமும் நிலையும் அங்கே பதிவில் இருக்கிறது. கம்பனி அதைக் கேட்டு வாங்கும். பொய் என்று தெரிந்தால் அந்தப் பொய்க்காகவே முழு இழப்பீட்டுக் கோரிக்கையையும் தள்ளிவிடலாம், காரின் சேதம் உண்மையாகவே இருந்தாலும். கலந்தருக்கு முகம் கறுத்துச் சிறுத்துவிட்டது. நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றான். தெரியும், போனில் சொன்னது பிழை, சரியானது இதுதான் என்று ஒரு கடிதம் போதும் என்றாள் பிரின்ஸி. ஏன் பிழையாகச் சொன்னீர்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லையாம்.

"ஹேண்ட் பிரேக்?" என்று பஸ்லா நினைவுபடுத்தினாள். அதை அவள் மறைத்துவிட விரும்பவில்லை.

"அதையும் எழுதுங்க. பிழையே விடாதவங்களுக்கு இன்சூரன்ஸ் எதுக்கு?"

பஸ்லா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். கலந்தர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் கடிதத்தை எழுதினான். இராமசாமி தனக்கும் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், தேத்தண்ணி குடிங்க என்றாள் பஸ்லா. அவர் குடித்துவிட்டு, அன்று முழுவதும் மரத்தில் இருந்து ஏதோ பாடிக்கொண்டு மிளகு ஆய்ந்தார். அவருக்குப் பாட வரும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கண்டி ஆஸ்பத்திரியில் ஸமத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. கார் உருண்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. டொக்டர் அனுமதி தரும் வரை சொல்ல வேண்டாம் என்று பஸ்லாதான் சொல்லி வைத்திருந்தாள். அன்று அனுமதி வாங்கிக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"யாருக்காவது அடிபட்டுதா?"

"இல்ல."

"அப்ப சரி. பின் கண்ணாடி?"

"போச்சு."

"ஹட்டன்ல ஒருத்தர்ட்ட ஒண்ணு இருக்கு. அவர் தருவார்." கண்ணைத் திறந்தார். "டிக்கி மூடிதான் கஷ்டம்."

பஸ்லாவுக்கு உள்ளே பெரிய கல் ஒன்று நகர்ந்தது போலிருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இந்த மூன்று நாளும் சோறு இறங்காமல் கிடந்தேன் என்று நினைத்தாள். அதோடு அவளுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

"இன்சூரன்ஸ்ல என் பேர் இருக்காமே," என்றாள்.

ஸமத் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தாங்கியைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஒம்பது வருஷமா இருக்காம்."

"சங்கத்துல எல்லாரும் வீட்டுக்காரங்க பேரையும் போடச் சொன்னாங்க," என்றார் கடைசியில். "ஒரு அவசரத்துக்கு உதவும்னு."

"அப்ப எனக்கு ஏன் ஏலாதுன்னு செல்லினீங்க?"

"ஏலும்னு செல்லியிருந்தா நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்க. நீங்க கேட்டா எனக்கு இல்லன்னு செல்ல வராது. அதான் இன்சூரன்ஸ் தலையில போட்டேன்."

சின்னப் பிள்ளை பிடிபட்டதுபோல அவர் போர்வையின் நுனியை நீவிக்கொண்டிருந்தார். பஸ்லா அதைப் பார்த்தாள். திட்டுவதற்கென்று வழியெல்லாம் பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் சிரிப்பாக மாறி வந்தன. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். தாதி வந்து, சிங்களத்தில், நோயாளியைச் சிரிக்க வைக்க வேண்டாம் என்றாள். ஆனால் ஸமத் சிரிக்கவில்லை, அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

கம்பனியிடமிருந்து பதில் வர ஐந்து வாரம் எடுத்தது. திருத்தும் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார்கள். எங்கே திருத்துவது, யாரிடம் திருத்துவது என்பதை உரிமையாளரே தீர்மானிக்கலாம் என்றும் கடிதத்தில் இருந்தது. ஹட்டன்காரர் கண்ணாடியைக் கம்பளியில் சுற்றி ரயிலில் ஏற்றி அனுப்பினார். டிக்கி மூடி எங்கும் கிடைக்கவில்லை. உக்குவளையில் தகரம் தட்டுகிற ஒருவர் பழையதையே மரக்கட்டையில் வைத்து இருபது நாள் தட்டி நேராக்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிரின்ஸி தன் வேலை நேரத்துக்கு வெளியே போய் அதைப் பார்த்துவிட்டு, ஸமதுக்குப் போட்டோ அனுப்பினாள். கலந்தர் தான் அடிக்கடி எடுத்துப்போகிற வீட்டு வேனின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, எழுத்துக்கு எழுத்து வாசித்தானாம். வாசித்து முடித்த பிறகு இரண்டு நாள் அவனுக்குத் தூக்கம் வரவில்லை என்று அவன் மனைவி அபீபா சொன்னாள்.

ஆறு மாதத்துக்கு ஸமத் எந்த வாகனத்தையும் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கார் வீட்டுக்கு வந்தபோது அதில் மூன்று மாதம் மீதி இருந்தது. ஓட்டாமல் வைத்தால் பிரேக் இறுகிவிடும், பெற்றோல் கெட்டுவிடும் என்று ஸமத் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பேசினார். மூன்றாம் நாள் காலை, மாத்தளைக்கு கிளினிக் போகிற நாள், சாவியைக் கொண்டு வந்து பஸ்லாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கிளினிக்கில் டொக்டர் அவரை ஏறி இறங்க வைத்து, மூச்சைக் கேட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, இனி மாதம் ஒருதரம் வந்தால் போதும் என்றார். வெளியே வந்தபோது பதினொரு மணி. வெயில் சுகமாக அடித்தது. நோய் வந்ததிலிருந்து ஸமத் மருந்தைப்போலத்தான் சாப்பிட்டு வந்தார்; ஒவ்வொரு வாய்க்கும் பஸ்லா சொல்ல வேண்டியிருந்தது. அலுவிகாரையைத் தாண்டும்போது அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, பசிக்குதே என்றார்.

பஸ்லா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு ரோட்டோரத்தில் இடியப்பம் விற்கிற ஒரு சின்னக் கடையைக் கண்டு அதன் முன்னால் காரை ஒதுக்கினாள். ஸமத் ஆறு இடியப்பமும் பருப்புக்கறியும் சாப்பிட்டார். இன்னும் இரண்டு கேட்டார்.